தோளில் இல்லாத தழும்பு

சேசு மரி சூசை துணை

ராயபுரம்
29-5-1969

அன்புள்ள தங்கச்சி சிலுவையம்மாளுக்கு லியோனார்ட் அண்ணன் எழுதுவது.

முதலில் ஒரு அசிங்கத்தைச் சொல்லித் தொலைக்கிறேன். மீன்கார பூவம்மா வாய்வழியாக உனக்கு வந்தால் அதற்கு வாலும் கொம்பும் முளைத்திருக்கும். நேற்றுச் சாயங்காலம் கம்பெனி வாசல் கூட்டத்தில், உன் புருஷன் இன்னாசியின் வீரத்தைப் பற்றி நானே எழுதிய பாட்டை, நானே மேசைமேல் ஏறி நின்று பாடினேன். 'அஞ்சாத நெஞ்சன்' என்ற அடிக்கு வந்தபோது தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது. அடுத்த அடியை மேசைக்கு அடியில் உட்கார்ந்து பாடினேன். இந்த வயசில், இந்தத் தொப்பையோடு, எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. வந்தது போலீஸ் ஜீப்புகூட இல்லை, ஐஸ் வண்டி. சனங்கள் அதை நடிப்பு என்று நினைத்துக் கைதட்டினார்கள். நானும் நடிப்பு என்றே சொல்லிவிட்டேன்.

பாட்டு கேட்டது சங்கச் செயலாளர் எத்திராஜ். "சார், ஸ்ட்ரைக்கு இழுத்துகினே போவுது. சனம் வாடிப் போச்சி. இன்னாசி பேர சொன்னா மட்டும் நிமுந்து குந்துறாங்க. ஒரு பாட்டு கட்டிக் குடு" என்றார். நானும் யோசித்தேன். ஸ்ட்ரைக்கை மீறி வேலைக்குப் போகிற கருங்காலிகளை ஏற்றித் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டு பின்வாசலுக்கு வருகிறது லாரி. அதற்கு முன்னால் தனி ஆளாகப் போய், பம்பரில் இரண்டு கையையும் ஊன்றி, தலையைக் குனிந்து நிற்கிறார் மாப்பிள்ளை. லாரி நின்றுவிடுகிறது. சனம் "இன்னாசி! இன்னாசி!" என்று கத்திக்கொண்டு ஓடி வருகிறது. கல் பறக்கிறது, டிரைவர் மண்டை உடைகிறது, போலீஸ் வருகிறது. லாரியை மறித்தவர் என்று மாப்பிள்ளை பெயர் கேஸில் முதலாவதாக ஏறுகிறது. நடந்தது இவ்வளவுதான். ஆனால் நடந்ததை மட்டும் எழுதினால் அது பாட்டாகாது, எஃப்.ஐ.ஆர். ஆகும்.

இருபது வருஷமாகக் கோயில் திருநாளுக்கு நாடகம் எழுதுகிறவன் நான். ராஜகுமாரன் கதையோ, வேதசாட்சி கதையோ, வீரனுக்கென்று சில சாமான்கள் வேண்டும். அவன் பிறக்கும்போது ஏதாவது நடக்க வேண்டும். சும்மா பிறந்தவன் என்னைப்போல ஹார்பரில் மூட்டை எண்ணத்தான் போவான். ஆகவே மாப்பிள்ளை பிறந்த நேரம் கோயில் மணி தானாக அடித்தது. பெற்றவர்கள் வீட்டில் வளரக்கூடாது. ஆகவே வலைக்கூடையில் மிதந்து வந்தார். கடைசியில் அடையாளம் கண்டுகொள்ள உடம்பில் ஒரு குறி வேண்டும்; ஆகவே இடது தோளில் பிறைபோலத் தழும்பு. தண்ணீரைக் கடக்க வேண்டும்; ஆகவே எண்ணூர் ஆற்றை ஒற்றைக் கையால் நீந்தினார். நீங்கள் இருவரும் போலீஸுக்குப் பயந்து பூவம்மாவின் கூடைகளுக்கு நடுவே குந்திக்கொண்டு ஓடத்தில் போனது எனக்குத் தெரியும். அதைப் பாடினால் யார் அழுவார்கள்?

எல்லாவற்றுக்கும் மேலே, வீரன் திரும்பி வரவேண்டும். நம் கோயில் ராயப்பர் திருநாள் கொடியேற்றத்தன்று வருகிறார். அந்த இடத்தில் பெண்கள் மூக்கைச் சிந்துகிறார்கள், சிலுவை!

அக்கரையில் எந்தக் குப்பத்தில் இருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. பாட்டின் பிரதி ஒன்றும் காப்பித்தூளும் பூவம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். ஆலிஸ் கருவாடும் வைத்திருக்கிறாள். மீன்பிடிக் குப்பத்துக்குக் கருவாடு அனுப்புகிற ஒரே பெண்பிள்ளை உன் அண்ணிதான்.

அண்ணன்
லியோனார்ட்


2-6-69

அண்ணாத்தைக்கு சிலுவை எழுதிக்கினது. இடம் எழுத மாட்டேன்.

உன்ன யாரு பாட்டு எழுதச் சொன்னது?

நேத்து ஓடத்துல ரெண்டு பேரு வந்தானுங்க. மேல சாதா சட்டை, கால்ல போலீசு பூட்ஸு. கரையில வலை இழுத்துகினு இருந்த ஆம்பளைங்கள வரிசையா நிக்க வச்சி, ஒவ்வொருத்தன் இடது தோளையும் பாத்தானுங்க, சந்தையில மாடு பாக்கற மாதிரி. ஏன் தோளப் பாக்கறானுங்கன்னு இங்க யாருக்கும் புரியல. எனக்குப் புரிஞ்சிது. உன் பாட்டு என் இடுப்புல சொருவி இருந்துது.

உங்க மாப்பிள்ள அந்நேரம் குடிசையில ஈர வலைக்கு அடியில கெடந்தாரு. பூட்ஸு காலு வலை மேலயே மெதிச்சிகினு போச்சி. அப்பால அவர இழுத்து எடுத்தேன். உடம்பெல்லாம் செதிலு. என் கையப் புடிச்சிகினு அப்படியே குந்திட்டாரு.

நாங்க எங்க ஒளியறதுன்னு தவிக்கச்சொல்ல, நீ மேசை மேல ஏறி அடையாளம் சொல்றே. நல்லா கீது நாயம்.

அவரு வீரன் கெடையாது. மணி அடிக்கணும்னா வேற யாருக்காவது அடிச்சிக்கோ. எத்திராஜுகிட்ட சொல்லி பாட்ட நிறுத்து. ஒண்ணு சொல்றேன், ஏன்னு கேக்காத. போலீச விட, உன் பாட்டுக்கு கை தட்டற சனத்துக்குத்தான் நான் அதிகமா பயப்படறேன்.

அண்ணிய கேட்டதா சொல்லு. கருவாடு உப்பு ஜாஸ்தி.

சிலுவை


ராயபுரம்
5-6-1969

அன்புள்ள சிலுவைக்கு,

திட்டு வந்து சேர்ந்தது. மீன் வாடையோடு வந்ததால் இன்னும் கொஞ்சம் காரமாகவே இருந்தது.

என் பக்கத்தையும் கேள். பேர் இல்லாத ஒருவனைப் பிடித்தால் ஸ்டேஷனில் அவனை என்ன வேண்டுமானாலும் செய்வார்கள், யாரும் கேட்கமாட்டார்கள். நாலு கம்பெனி கேட்டில் பாட்டாகப் பாடப்படுகிறவனை அடிக்க ஓங்கினால் கை ஒரு தரம் யோசிக்கும். நான் மாப்பிள்ளைக்கு வாங்கிப் போட்ட சட்டை அது. புகழ் என்று நினைக்காதே. கவசம்.

தழும்புக்கு வருகிறேன். மாப்பிள்ளைக்குத் தோளில் ஒன்றுமே கிடையாதே! இருக்கிற ஒரே தழும்பு வலது முழங்காலில், சின்ன வயசில் கஞ்சிப் பானையைக் கவிழ்த்துக்கொண்டது. முழங்காலில் கஞ்சி கொட்டிய வீரனை எந்த நாட்டிலாவது கேள்விப்பட்டதுண்டா? அதனால்தான் தோளுக்கு மாற்றினேன். யோசித்துப் பார், எவ்வளவு நல்லதாகப் போயிற்று! அவர்கள் தோளைத் தேடட்டும், முழங்கால் பத்திரமாக இருக்கும். அண்ணன் புத்திசாலி என்று ஒரு தரமாவது எழுதலாம் நீ.

நிறுத்துவது இனி என் கையில் இல்லை. வியாசர்பாடி ஆட்கள் அவர்களாகவே நாலு அடி சேர்த்துவிட்டார்கள். அதில் மாப்பிள்ளை ஆறடி உயரம். புளியந்தோப்பில் பாடுகிற பாட்டில் அவருக்கு ஒரு நாய் இருக்கிறது, பேசும். நேற்று ஹார்பரில் ஒரு விஞ்ச் டிரைவர் என்னிடமே கதை சொன்னார். "தெரியுமா சார், இன்னாசி லாரிய ஒரு கையால தூக்கிட்டான்." நான் "அப்படியா!" என்று வாயைப் பிளந்தேன். கொஞ்சம் நம்பியும் விட்டேன்.

எல்லாக் கதையிலும் இதுதான் நடக்கும் போலிருக்கிறது. வீரன் ஒளிந்திருக்கும்போதுதான் வளருகிறான்.

சனத்துக்கு ஏன் பயம் என்று கேட்கக்கூடாது என்கிறாய். கேட்கவில்லை. ஆனால் இரண்டு நாளாக அந்த வரியையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

லியோனார்ட்


12-6-69

அண்ணாத்தைக்கு,

தாமோதரன இட்டுகினு போயிட்டானுங்க.

தாமோதரன் யாருன்னா, எங்களுக்கு குடிசை குடுத்தவரு. வலை பொத்துப் போனா தைக்கிற மனுசன். போன தபா அவனுங்க வரச்சொல்ல அவரு கடல் மேல இருந்தாரு. இந்த தபா கரையில இருந்தாரு. அவருக்கு இடது தோள்ல சுட்ட தழும்பு கீது. போட் இன்ஜின் பொகைக்குழா பட்டது. பிறை மாதிரி இல்ல, அவல் உருண்ட மாதிரி கீது. அவனுங்களுக்கு அது போதும்.

"நான் இன்னாசி இல்ல, தாமோதரன்"னு அவரு சொல்ல, "ஒளிஞ்சிகினு கீறவன் வேற பேருதான் சொல்லுவான்"னு ஒருத்தன் சிரிச்சான். ஊரே நின்னுகினு இருந்துது. ஒரு வாய் தொறந்து 'இன்னாசி அந்த குடிசையில கீறான்'னு சொல்லல. அவரும் சொல்லல அண்ணாத்த. எங்க குடிசைப் பக்கம் திரும்பிக்கூட பாக்காம நடந்தாரு.

அவர் பொஞ்சாதி பச்சையம்மா காலையிலர்ந்து எங்க வாசல்ல குந்திகினு கீறா. திட்டல, அழுவல. திட்னா தேவல. நான் கஞ்சி குடுத்தா குடிக்கிறா. பாத்திரத்த கழுவி வச்சிட்டு மறுபடி குந்திக்கிறா.

இவரு சோத்துல கைய வைக்கல.

நீ போ. ஸ்டேசனுக்கு போயி, 'தழும்பு நான் கட்டிவுட்ட கதை'ன்னு சொல்லு. நீ வெள்ள சட்டை போட்டவன், உன்ன குந்த வச்சி பேசுவாங்க. ஸ்டேசன் திருவொற்றியூர்ல கீது, அந்தப் பக்கம் உன்ன தெரிஞ்சவன் எவனும் இல்ல. வாயால வந்தது, வாயாலயே போவட்டும்.

சிலுவை


ராயபுரம்
14-6-1969

அன்புள்ள சிலுவைக்கு,

போனேன்.

இஸ்திரி போட்ட சட்டை, கோயிலுக்குப் போகிற செருப்பு. பஸ்ஸில் ஒத்திகையெல்லாம் பார்த்துக்கொண்டேன். 'ஐயா, ஒரு கவிஞனுடைய கற்பனைக்காக ஒரு குற்றமற்றவர்...' என்று ஆரம்பம். படியேறினேன். மேசையில் இருந்த ஏட்டு நிமிர்ந்து "இன்னா சார்?" என்றார். உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. அது அடி விழுகிற சத்தமா, கதவு சாத்துகிற சத்தமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் நிற்கவில்லை.

"குடை காணோம்" என்றேன்.

எனக்குக் குடையே கிடையாது, சிலுவை. அவர் பொறுமையாகக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். கறுப்புத் துணி, மூங்கில் பிடி, பிடியில் ஒரு கீறல். கேட்கக் கேட்க அடையாளங்கள் தானாக வந்தன. அதில் மட்டும் நான் கெட்டிக்காரன்.

வெளியே வந்து எதிர்க்கடையில் டீ குடித்தேன். பாதி சட்டைமேல் போயிற்று. மறுபடி படியேற முடியவில்லை. ஹார்பருக்கு ஒரு வார்த்தை போனால் என் வேலை என்ன ஆகும் என்று நினைத்தேன். ஆலிஸை நினைத்தேன். இப்படி எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நினைத்தேன்.

என் நாடகத்து வீரர்கள் எல்லோரும் முதலில் 'நான் போகமாட்டேன்' என்றுதான் சொல்வார்கள். அழைப்பு வரும், வீட்டு வேலை இருக்கிறது என்பார்கள், மனைவியைக் காரணம் காட்டுவார்கள். ஆனால் அதெல்லாம் முதல் காட்சியோடு முடிந்துவிடும். நான் அங்கேயே நிற்கிறேன்.

திங்கட்கிழமை மறுபடி போகிறேன். சத்தியம் செய்யமாட்டேன், என்னை எனக்குத் தெரியும். பச்சையம்மாவிடம் என்ன சொல்வாய்? ஒன்றும் சொல்லாதே.

லியோனார்ட்


16-6-69

அண்ணாத்தைக்கு,

குடை கெடைச்சிதா?

நேத்து பூவம்மா ஸ்டேசனுக்கு சோறு எடுத்துகினு போனா. தாமோதரன் வாய் வீங்கி கீதாம். 'இன்னாசின்னு ஒத்துக்கோ'ன்னு கேக்கறாங்களாம். அவரு 'எம் பேரு தாமோதரன்'னு மட்டும் சொல்லிகினு கீறாராம்.

இவரு இத்த கேட்டாரு. அப்பால, கரையில பசங்க உன் பாட்ட பாடிகினு போச்சிங்க. நின்னு கேட்டாரு, முழுசா. கேட்டுட்டு என்னாண்ட வந்து, "சிலுவ, பாட்டுல நான் எப்ப திரும்பிப் போறேன்?"னு கேட்டாரு.

"கொடியேத்தத்து அன்னிக்கு"ன்னு சொன்னேன். நானே சொல்லிட்டேன் அண்ணாத்த, யோசிக்காம.

"அப்ப அன்னிக்கே போறேன். சனம் இருக்கும். சனத்துக்கு நடுவுல புடிச்சா அடிக்க மாட்டான்"னு சொல்றாரு. அந்தாண்ட ஒருத்தன் இவருக்கு பதிலா ஒத வாங்கறான், இந்தாண்ட இவரு சவரம் பண்ணிக்கலாமா, தாடியோட போலாமான்னு கேக்கறாரு. எனக்கு சிரிப்பும் வருது, வயிறும் எரியுது.

போவ வேணாம்னு என்னால சொல்ல முடியல. பச்சையம்மா வாசல்ல கீறா. அவ காது கேக்க எப்படிச் சொல்லுவேன்?

நீ சொல்லு. இல்லாட்டி நீ போ.

சிலுவை


ராயபுரம்
18-6-1969

சிலுவை,

இதைப் படித்ததும் மாப்பிள்ளைக்கு உரக்கப் படித்துக் காட்டு. வெள்ளிக்கிழமை கொடியேற்றத்துக்கு அவர் வரவே கூடாது.

எத்திராஜிடம் போனேன். பாட்டில் அந்த நாளை மாற்றுங்கள் என்று கெஞ்சினேன். "இன்னா சார் பேசறே? தட்டி எழுதி மாட்டியாச்சி. வியாசர்பாடிலர்ந்து ரெண்டு லாரில சனம் வருது. இன்னாசி வந்து கேட்டாண்ட நின்னான்னா கம்பெனிக்காரன் மறுநாளே பேச்சுக்கு வருவான்" என்கிறார். சுவரெல்லாம் 'கொடி ஏறும் நாளில் வருவான்' என்று கரியால் எழுதியிருக்கிறது. போலீஸுக்கும் படிக்கத் தெரியுமே! கோயில் பக்கத்து மைதானத்தில் வேன் நிற்க இடம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அந்த நாளை நான் ஏன் வைத்தேன் தெரியுமா? 'கொடி ஏறும் நாள்' என்றதும் 'அடி தாங்கும் தோள்' என்று எதுகை விழுந்தது. அவ்வளவுதான். ஒரு மனுஷனை அந்த எதுகைக்குள் தள்ளிவிட்டேன்.

மாப்பிள்ளை, உங்களுக்குச் சொல்கிறேன். கதையில் திரும்பி வருவதுதான் மிகவும் ஆபத்தான கட்டம். காட்டையும் ஆற்றையும் தாண்டினவன்கூட சொந்த ஊர் வாசலில்தான் விழுகிறான். ஏனென்றால் எல்லோரும் அவனுக்காகக் காத்திருக்கிறார்கள், அன்பானவர்களும் மற்றவர்களும். நான் நாளைக் காலையில் ஸ்டேஷனுக்குப் போகிறேன். திங்கட்கிழமை போகவில்லை. காய்ச்சல் என்று ஆலிஸிடம் சொன்னேன், அவளும் நம்பியதுபோல ரசம் வைத்துக் கொடுத்தாள். நாளைக்குப் போவேன். நீங்கள் அங்கேயே இருங்கள்.

லியோனார்ட்


20-6-69

அண்ணாத்த,

உன் கடுதாசிய படிச்சி காட்டினேன். "மச்சான் போவமாட்டாரு, பாவம்"னு சொன்னாரு. கோவமா சொல்லல.

மொத ஓடத்துல போயிட்டாரு. ஊதா கட்டம் போட்ட லுங்கி, தாமோதரன் சட்டை. சவரம் பண்ணிகினாரு. பச்சையம்மா ஓடம் வரைக்கும் கூட நடந்தா.

தேடிப் புடி. போலீசுக்கு முன்னாடி நீ புடி. எத்திராஜு ஆளுங்களுக்கு முன்னாடியும் நீ புடி.

சிலுவை


ராயபுரம்
22-6-1969

அன்புள்ள சிலுவைக்கு,

மாப்பிள்ளை உயிரோடு இருக்கிறார். உள்ளே இருக்கிறார். அடிக்கவில்லை. பூவம்மாவிடம் இதை முதலில் சொல்லச் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுத உட்கார்ந்தேன்.

வியாழக்கிழமை நான் போகவில்லை. ஏன் என்று எழுதினால் இன்னொரு குடைக்கதை ஆகும்.

கொடியேற்றத்தன்று ராயபுரத்தில் அத்தனை கூட்டத்தை நான் பார்த்ததில்லை. செபமாலையோடு வந்தவர்கள் பாதி, சங்கக் கொடியோடு வந்தவர்கள் பாதி. வேன் இரண்டு. எத்திராஜ் ஒரு ஸ்டூல்மேல் நின்றுகொண்டு தலைகளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். லத்தி வைத்திருந்தவர்களும் அப்படியே தலைகளுக்கு மேலேதான் பார்த்தார்கள். எல்லோரும் ஆறடி ஆளைத் தேடினார்கள்.

மாப்பிள்ளை என் முழங்கைப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. அவர் நேரே எத்திராஜிடம் போனார். "செயலாளரே, நான்தான், வந்துட்டேன்" என்றார்.

எத்திராஜ் மேலிருந்தே, "ஓரம் போ நைனா, இன்னாசி வர்ற நேரம்" என்றார்.

"நான்தான் இன்னாசி."

"காலையிலர்ந்து நீ மூணாவது ஆளு. போ போ."

நம்புவாயா? கேஸ் ஆனதிலிருந்து பெயரைச் சொல்லியே வண்டி ஓட்டிய எத்திராஜுக்கு முகம் ஞாபகம் இல்லை. கொடி ஏறியது, மணி அடித்தது, சனம் "வருவான், வருவான்" என்று பாடியது. ஒரு போலீஸ்காரர் மாப்பிள்ளையின் தோளைப் பிடித்து, கம்பத்துக்கு வழிவிட்டு ஒதுங்கச் சொன்னார். இடது தோள்.

நான் அவர் கையைப் பிடித்து, "வாங்க, வீட்டுக்குப் போவோம். ஒருத்தருக்கும் அடையாளம் தெரியல, தப்பிச்சாச்சு" என்றேன். அவர் என்னைப் பார்த்து, "தாமோதரன் தப்பிக்கலியே மச்சான்" என்றார். கூட்டத்தை விட்டு வெளியே வந்து வடக்கே நடக்க ஆரம்பித்தார். காசிமேடு, தண்டையார்பேட்டை, டோல்கேட் என்று வெயில் இறங்க இறங்க நடந்தார். நான் பின்னாலேயே போனேன். பக்கத்தில் அல்ல. அடி விழுந்தால் முதலில் அவர்மேல் விழுகிற தூரத்தில். வழியெல்லாம் எதிரே லாரி லாரியாக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், அவரைப் பற்றிய பாட்டைப் பாடிக்கொண்டு. ஒரு லாரி அவர்மேல் சேற்றை அடித்துவிட்டுப் போனது.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "நீ இன்னாசியா? இன்னாசி ஆறடி. தோள்ல பிறைத் தழும்பு. ஊரே பாடுது. உனக்கு யாருய்யா சொல்லி அனுப்பினது, உள்ள இருக்கறவன வெளிய எடுக்க?"

"பாட்டு பொய் சார்" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்.

"யார் சொன்னது?"

"எழுதினவன் சொல்றேன்."

ஏட்டு நிமிர்ந்து பார்த்து, "இவரு குடை தொலைச்சவரு சார்" என்றார். அதன் பிறகு நான் சொன்ன எதையும் யாராவது நம்பினார்களா என்று சந்தேகம். மணி அடிக்கவில்லை, கூடை மிதக்கவில்லை, தோளில் ஒன்றுமில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எழுத இரண்டு நாள் ஆயிற்று, பிரித்துப் போட ஒரு டீ ஆறுகிற நேரம். என் பெயரையும் ஆபீஸையும் குறித்துக்கொண்டார்கள். ஹார்பரில் என்ன ஆகும் என்று திங்கட்கிழமை தெரியும்.

கடைசியில், இத்தனை நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த லாரி டிரைவரைக் கூட்டி வந்தார்கள், தலைக்கட்டோடு. மாப்பிள்ளையைப் பார்த்ததும், "இந்த ஆளுதான் சார்" என்றான். மேலே ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். மாப்பிள்ளை அவனைப் பார்த்தார். என்ன நினைத்தானோ, வாயை மூடிக்கொண்டான்.

தாமோதரன் வெளியே வந்தார். இரண்டு பேரும் நின்று பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை சட்டையைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு, வெறும் உடம்போடு உள்ளே போனார். எத்திராஜ் நேற்று வந்து தலையில் அடித்துக்கொண்டார். பேச்சுவார்த்தை நடந்தால் கேஸையெல்லாம் வாபஸ் வாங்கச் சொல்வோம் என்கிறார். நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

சிலுவை, இருபது வருஷமாக நான் சாமான்களை அடுக்கினேனே தவிர வீரனைப் பார்த்ததில்லை. பிறப்பில் மணி வேண்டாம், தோளில் பிறை வேண்டாம். சொந்த சனமே 'ஓரம் போ' என்று தள்ளியபிறகும் நடக்கிறானே, அவன்தான். இதை எழுதப் போகிறேன். ஒரு பொய்கூட இருக்காது. லாரி முன்னால் நின்ற இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், அங்கேதானே எல்லாம் தொடங்குகிறது. வழியில் அவரைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நீ சொல். அத்தனை பெரிய வண்டிக்கு முன்னால் போய் நின்றபோது அவர் மனசில் என்ன இருந்ததாம்?

லியோனார்ட்


25-6-69

அண்ணாத்தைக்கு சிலுவை எழுதிக்கினது.

தாமோதரன் வந்து சேந்தாரு. ஒரு பல்லு போச்சி. பச்சையம்மா நேத்து ராத்திரிக்கு எனக்கும் சேத்து கொழம்பு வச்சா. சட்டைய தோச்சி கொடியில போட்டு கீறா. அவரு வெளிய வரச்சொல்ல போட்டுக்கணுமாம்.

நீ ஸ்டேசன்ல வாய் தொறந்தது எனக்கு சந்தோசம். உன் வேலைக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு அந்தோணியார வேண்டிகினு கீறேன். ஆனா புதுப் பாட்டு எழுதாத. கால்ல வுழுந்து கேக்கறேன். நீ எழுதாம இருக்கணும்னுதான் இத்த சொல்றேன், படிச்சிட்டு அடுப்புல போட்டுடு.

ஊட்ல ஒரு மாசமா ஒலை கொதிக்கல. அன்னிக்கு அந்த தார்ப்பாய்க்குள்ள, உள்ள வேலைக்குப் போவ குந்திகினு இருந்தவங்கள்ல அவரும் ஒருத்தரு. மூடின லாரி அவருக்கு ஆவாது. கொமட்டிகினு வந்து, தட்டி நிறுத்தச் சொன்னாரு. கூட இருந்தவங்க எதிர்ல வெக்கமா இருந்துதுன்னு எறங்கி முன்னாடி போயி, பம்பர புடிச்சிகினு வாந்தி எடுத்தாரு.

சிலுவை